இடது கையைத் தூக்கவில்லை

எனக்குப் பாம்புக் காது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதில் பெருமை ஒன்றும் கிடையாது. அடுப்படியில் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவது நடுவீட்டில் படுத்திருக்கும் எனக்குக் கேட்டுவிடும். கேட்டதை யாரிடம் சொல்லக் கூடாதோ, மறுநாள் சரியாக அவர்களிடமே போய் ஒப்பித்துவிடுவேன். அதனால் நான் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்தக் காதை ஒரு வேலைக்கு ஆகும் காது என்று மதித்த ஒரே ஆள் என் தாய்மாமா. நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அவர் வைத்த அந்த மதிப்பு, எங்கள் குடும்பத்தில் பதினோரு பேரை மலைச்சரிவின் விளிம்பு வரை கொண்டுபோய் விட்டது.

அப்பா மலைமேல் வளப்பூர் நாட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பலா காலத்தில் பலாப்பழம் ஏற்றுவார், மிளகு காலத்தில் மிளகு மூட்டை, மற்ற நாட்களில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்குவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். இறங்க இறங்க எண் குறையும். அப்பா கோபக்காரர், ஆனால் இறக்கத்தில் மட்டும் சாது. கால் பிரேக்கை அவர் நம்பமாட்டார். "சூடேறிப் போச்சுன்னா அது பிரேக்கு இல்லீங்க, வெறும் மிதி" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டே இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். அப்புறம் இன்ஜினே வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எழுபது வளைவுக்கும் அந்தப் பிடிதான் எங்களுக்குத் துணை.

அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேர ஒரே ஒரு வழிதான் உண்டு. பின் அச்சின் நடுவில் சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதற்குள் கிரௌன் என்று தாம்பாளம் போல ஒரு பல்சக்கரமும், பினியன் என்று கைக்குள் அடங்குகிற ஒரு குட்டிப் பல்சக்கரமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு எண்ணெயில் சுற்றும். சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறிய ஒரு நாள், அந்தப் பினியனின் பல் உடைந்து வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். தம்பிக்குக் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போட நாள் குறித்து அப்போது ஏழு நாள்தான் இருந்தது. கோயில் மலைக்குக் கீழே. கிரௌனும் பினியனும் சேர்ந்த புது ஜோடி வந்து சேரப் பத்து நாளாகும் என்று நாமக்கல் கடையில் சொல்லிவிட்டார்கள்.

"பழைய ஜோடி ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச எடத்துல கெடக்குதுங்க மச்சான். நானே மாட்டித் தாரேன்" என்று மாமா முன்வந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி, குண்டனி நாட்டுக்காரர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நாலு வருஷம் தகரம் தட்டினார். பிறகு அச்சு வேலை செய்யும் பட்டறையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு மலைக்கே திரும்பி வந்திருந்தார். மலையில் பத்துப் பதினைந்து ஜீப்புகள் ஓடின. எதற்கு என்ன ஆனாலும் கீழேதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டிவிட்டால் மற்ற வண்டிக்காரர்களும் தன்னிடமே வருவார்கள் என்பது அவர் கணக்கு. அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாள் குறித்தாகிவிட்டது. மொட்டை போடும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவரும் அதே மாமாதான். பகைத்துக்கொள்ள முடியாத இடத்தில் மைத்துனன் அமைந்துவிட்டால் நம்பித்தானே ஆக வேண்டும்.

எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். பட்டறைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். நான் பேசினால் மற்ற பெரியவர்கள் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு 'உம்' கொட்டுவார்கள். மாமா மட்டும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு கடைசி வார்த்தை வரை கேட்பார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குப் பக்கத்துப் பலா மரத்தடியில் வேலை நடந்தது. ஜீப்பின் பின்புறத்தைக் கல்லும் கட்டையும் வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பல்சக்கரங்களை மாட்டுவது பெரிய காரியமில்லை. ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கமாகக் கடிக்க வேண்டும் என்பதுதான் காரியம். அதற்கு சிம் என்று மெல்லிய தகட்டு வளையங்கள் இருந்தன. ஒன்றைச் சேர்த்தால் பினியன் ஒரு மயிரிழை உள்ளே போகும், எடுத்தால் வெளியே வரும். பல் எந்த இடத்தில் கடிக்கிறது என்று பார்க்கப் பட்டறையில் ஒரு நீலச் சாயம் தடவுவார்களாம். அது மலையில் கிடைக்காததால் மாமா அம்மாவின் குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கி, எண்ணெயில் குழைத்துப் பற்களில் தடவினார். விளக்கு ஏற்றும் நேரத்தில் நெற்றிக்கு இல்லாமல் போய்விட்டது என்று அம்மா திட்டினாள். சக்கரத்தைக் கையால் சுற்றினால், பல் கடித்த இடத்தில் குங்குமம் அழிந்துபோய் இரும்பு பளபளக்கும். அந்தப் பளபளப்பு நெற்றிப் பொட்டு மாதிரி பல்லின் நடுவில் விழ வேண்டும்.

ஒரு பல்லுக்கு இரண்டு பக்கம். மேட்டில் இழுக்கும்போது ஒரு பக்கம் கடிக்கும், இறக்கத்தில் பிடிக்கும்போது மறு பக்கம். மேட்டுப் பக்கத்தில் பொட்டு நடுவில் விழுந்துவிட்டது. இறக்கத்துப் பக்கத்தில் அது பல்லின் ஓரத்துக்கு ஓடியது. சிம்மை மாற்றினால் இந்தப் பக்கம் சரியாகி அந்தப் பக்கம் கெட்டது. இரண்டு நாள் மாமா அதோடு மல்லுக்கட்டினார். "பழைய பல்லு கண்ணு, யாரோ ஓட்டித் தேஞ்சது. குங்குமம் பாதிதான் நெசம் சொல்லும். மீதியைக் காதுதான் சொல்லோணும்" என்றார்.

அந்தக் காதாக என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஏற்பாடு இதுதான். மாமா ஜீப்பை ஓட்டுவார். நான் பின்னால் தரையில் குப்புறப் படுத்து, அச்சுக்கு நேர் மேலே தகட்டில் காதை வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அடியில் அழுகிற சத்தம் கேட்டால் வலது கையைத் தூக்க வேண்டும். காலை எடுத்து இறக்கத்தில் விடும்போது அழுதால் இடது கை. "வாயில சொன்னீன்னா வண்டி எரைச்சல்ல எனக்குச் செரியா உழுவாது சாமி, கையைத் தூக்கு" என்றார். உள்ளே இருந்த கண்ணாடியைக் கீழே சாய்த்து என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மகளை ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறான் என்று விட்டுவிட்டார்கள். ஒரு தடவை அப்பாவே ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்ஜின் சத்தந்தான் கேக்குது" என்று சொல்லியிருந்தார்.

முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறும்போதே அடியில் 'ஊஊ' என்று ஆரம்பித்தது. இறங்கும்போது அதைவிட மெல்லியதாக, குளிரில் நாய்க்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் மாமா மறுபடி எண்ணெயை இறக்கி எல்லாவற்றையும் கழற்றினார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அம்மாவிடம், "உன்ற தம்பி கழட்டுறதுக்குன்னே பொறந்திருக்கான், மாட்டுறதுக்கு இல்ல" என்றார். மாமா அதற்குச் சிரித்தார். மறுநாள் மேட்டுச் சத்தம் போய்விட்டது, இறக்கத்து முனகல் அப்படியே இருந்தது. இடது கையைத் தூக்கினேன். மறுபடி கழற்றினார். அப்பா அன்று கேலி செய்யவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எந்த வண்டியாவது வாடகைக்குப் புடிச்சுட்டுப் போயிருவேன். நீ மலை முச்சூடும் சொல்லிக்க, நான் மெக்கானிக்குன்னு" என்றார். மாமாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

மூன்றாவது நாள் அந்தத் தரை எனக்குப் பயமாகிவிட்டது. குப்புறப் படுத்திருப்பவளுக்கு வண்டி எங்கே போகிறது என்று தெரியாது. வண்டி சாய்வது மட்டும் வயிற்றில் தெரியும். மாமா அன்று பள்ளிக்கூடத்து மேடு போதாது என்று உண்மையான இறக்கத்துக்கே போனார், மேலிருந்து முதல் சில வளைவுகளுக்கு. ஒவ்வொரு இறக்கத்திலும் காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் என் கையைப் பார்ப்பார். கண்ணாடி போதாமல் சில சமயம் கழுத்தைத் திருப்பியே பார்ப்பார். வண்டி ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கிறாரே என்றிருந்தது எனக்கு. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எதிரே பஸ் வந்தது. பஸ்ஸின் ஹாரன் எனக்குத் தகட்டின் வழியாகவே கேட்டது. மாமா நிதானமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் பஸ்ஸின் மூஞ்சி தெரிந்த பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் ஓரத்துக்கு ஓடிச் சறுக்கி நின்றது. பின்பக்கம் திறந்த ஜீப். படுத்தபடியே திரும்பிப் பார்த்தால் என் காலுக்கு அப்பால் ரோடு இல்லை, மரங்களின் தலைகள்தான் இருந்தன. சக்கரம் தட்டிவிட்ட கற்கள் கீழே விழுந்துகொண்டே இருந்த சத்தம் வெகுநேரம் கேட்டது.

பஸ்காரர் திட்டிவிட்டுப் போனார். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டியை எடுத்தார். இறக்கத்தில் காலை எடுத்தார். அடியில் அந்த முனகல் இருந்தது. முந்தின நாளைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இருந்தது. தூக்கினால் இன்னொரு முறை கழற்றுவார், இன்னொரு முறை என்னை இந்தத் தரையில் படுக்க வைப்பார். நான் இடது கையைத் தூக்கவில்லை. உடம்புக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வண்டியை நிறுத்திவிட்டு மாமா பின்னால் வந்தார். என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஒண்ணுமே கேக்கலையா சாமி? நெசமாவா?" என்றார்.

"இல்லீங்க மாமா."

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டிலேயே ஒரு சுற்று சுற்றினார். அவ்வளவு சந்தோஷப்பட்டு அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. எனக்கே கேட்கிற சத்தம் ஆறு வருஷம் பட்டறையில் இருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்? என்னைச் சும்மா சோதித்துப் பார்க்கிறார், உண்மையிலேயே மோசமாக இருந்தால் அவரே கழற்றியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்று ராத்திரி மாமா சொல்லி அம்மா எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

முட்டை இறங்கிவிட்டது, பொய் இறங்கவில்லை. மறுநாள் விடிகாலையில் எல்லாரும் புதுத்துணி போட்டுக்கொண்டு ஜீப்பைச் சுற்றி நின்றபோதுதான், இத்தனை பேரா என்று எனக்கு உறைத்தது. முன்னால் அப்பா, அத்தை, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. பின்னால் பெரியப்பா, சித்தப்பா, சித்தி, அவர்களின் இரண்டு பையன்கள். எனக்குத் தரை. மாமா பின்படியில் நின்று மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மொட்டைச் சாப்பாட்டுக்கு அரிசி மூட்டையும் பலாப்பழங்களும் வேறு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அப்பா வண்டியை எடுத்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் கை எவ்வளவு பெரியது என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

எழுபதாம் பலகை வந்தது. அப்பா இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்தார். பதினோரு பேர் பாரத்தையும் இன்ஜின் இழுத்துப் பிடித்தது. காதைத் தகட்டில் வைக்கவே தேவையில்லை. உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முனகல் எலும்பு வழியாக வந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். சித்தப்பா பையன்கள் பலகையின் எண்களைக் கத்திக்கொண்டு வந்தார்கள். அறுபத்தேழு, அறுபத்தாறு. நான் நிமிர்ந்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வளைவில்கூட அவர் கண்ணை எடுக்கவில்லை. காற்றில் முடி பறக்க, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மலையைப் பார்க்காமல், ரோட்டைப் பார்க்காமல், என் முகத்தை மட்டும் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தம் அவருக்கும் கேட்கிறது, நேற்று நான் சொன்னது பொய் என்று பிடித்துவிட்டார், நானாகச் சொல்கிறேனா என்று காத்திருக்கிறார். ஆடு திருடினவன் முழி முழிக்கக் கூடாது என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத நாளில் வைத்துக்கொள்கிற முகம் அது. நல்ல பழக்கம் இருந்தது. அவர் பார்க்கும்போதெல்லாம் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தேன். அவரும் சிரித்தார்.

ஐம்பதைத் தாண்டியதும் முனகல் தடித்தது. நாற்பத்தைந்துக்குப் பிறகு அதற்குள் இன்னொரு சத்தம் வந்தது. தூக்கத்தில் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போல. முன்னால் தம்பி தூங்கிவிட்டான், அவன் தலை அம்மாவின் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கு இந்தத் தலை இருக்குமா என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் சத்தம் காதில் இருந்தது, கண்ணில் இல்லை. நாற்பது. முப்பத்தொன்பது. திடீரென்று அடியிலிருந்து 'டக்' என்று ஒரு குதி. தகடு என் உள்ளங்காலில் உதைத்தது. அடுத்த நொடி இன்னொன்று.

என் முகம் உடைந்துவிட்டது. எட்டி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பல்லு உடையுது மாமா" என்று அழுதேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. காது கொடுத்துப் பார்க்கவுமில்லை. என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஜீப்பின் பக்கத் தகட்டில் ஓங்கி ஓங்கி அறைந்து, "நிறுத்துங்க மச்சான், நிறுத்துங்க" என்று மலையே அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே கீழே குதித்து ஓடி ஒரு கல்லைத் தூக்கினார். அப்பா பிரேக்கில் காலை வைத்ததும் அடியில் 'டங்' என்று கேட்டதும் ஒன்றாக இருந்தது. இன்ஜினின் பிடி அறுந்துபோனது. அது தனியாக உறும, வண்டி சும்மா உருண்டது. வளைவும் தடுப்புச் சுவரும் எங்களை நோக்கி வந்தன. மேலிருந்து அதுவரை அப்பா பிரேக்கைத் தொட்டிருக்கவில்லை. அது சூடேறாமல் இருந்தது. பிடித்தது. மாமா சக்கரத்தடியில் கல்லைத் தள்ளினார். சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம் இருந்தது. முப்பத்தெட்டாம் பலகை பக்கத்தில் நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள். சித்தி உட்கார்ந்து அழுதாள். மாமா வண்டிக்கு அடியில் போய் அடைப்பைத் திருகி எண்ணெயைக் கொஞ்சம் பலா இலையில் பிடித்து வந்தார். எண்ணெயில் வெள்ளி ஜிகினா மாதிரி இரும்புத் தூள் மினுங்கியது. நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு கிடந்தது. பெரியப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வளைவுல விட்டிருந்தா மொட்டை இல்ல, எல்லாத்துக்கும் சேத்துக் கருமாதிதான்" என்றார்.

அப்பா மெதுவாக மாமாவிடம் வந்தார். அவர் கத்தாமல் பேசியதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நேத்து ஓட்டிப் பார்த்தியே. சத்தம் இருந்துச்சா, இல்லையா?"

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். இப்போது என் பெயர் வரும். மாமா என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இருந்துச்சுங்க மச்சான். கொஞ்சமாத்தான் இருந்துச்சு. ஓடி ஓடிச் சரியாயிரும்னு நாந்தான் உட்டுட்டேன்."

அப்பாவின் கை மேலே போனது. அம்மா தம்பியோடு நடுவில் வந்து நின்றாள். "இன்னிக்கு வேண்டாமுங்க. புள்ளைக்கு அவன் மடி வேணும்" என்றாள். கை அப்படியே இறங்கியது.

பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போனோம். நேரம் தவறினாலும் மொட்டை நடந்தது. மாமா மடியில்தான் தம்பி உட்கார்ந்தான். அவன் காலை உதைத்துக் கதற, மாமா அவனை அணைத்துக்கொண்டு குனிந்திருந்தார். முடியும் தண்ணீரும் அவர் கையில் விழுந்தன. அப்பா தூரத்தில் வேறு பக்கம் பார்த்து நின்றார். சாப்பாட்டில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காராததால் நான் போய் உட்கார்ந்தேன். அவர் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து எனக்கு வைத்தார்.

சத்தம் கேட்டும் விட்டவன் என்று மலை முழுக்கப் பேராகிவிட்டது. தெரியாமல் செய்தவனை மன்னிப்பார்கள், தெரிந்தே விட்டவனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? ஒரு மாதத்தில் மாமா நாமக்கல்லுக்கே திரும்பிப் போனார், பழையபடி தகரம் தட்ட. அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் அழுவாள். நான் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது இருபது வருஷம் தாங்கியது. ஆனால் அந்த இருபது வருஷமும் மாமா எனக்கு ஒரு படி மேலேதான் இருந்தார். எனக்காகத் தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்தவர் என்று மட்டும், எதற்காக என்று விளக்காமல், என் கணவரிடமும் பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் மாமாவுக்கு உதவித்தொகைக்காகச் செவித்திறன் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நான் சேலத்தில் இருப்பதால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்துச் சோதித்தார்கள். வெளியே வந்ததும் சோதித்த பெண் அவர் முகத்துக்கு நேரே உரக்க, "எத்தனை வருஷமா இப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

மாமா என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளை நாலாவது படிக்கையிலேயே பாதிக்கு மேல போயிருச்சுங்க. கீச்சுன்னு வர்ற சத்தம் அப்பவே ஒண்ணும் கேக்காது. பட்டறையில தட்டித் தட்டிப் போனது. சொன்னா யாரு வேலை குடுப்பா? அதான் சொல்லலை."

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் என் வாய் தெரியும்படி அவருக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, அன்று ரோட்டில் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"உன்னையக் காட்டிக் குடுத்தா, ஒம்பது வயசுப் புள்ளை காதை நம்பி வண்டி மாட்டுனவன்னு என்னையுமில்ல காட்டிக் குடுக்கோணும் கண்ணு?"

இருபது வருஷத்து நன்றி ஒரு வாய் டீயில் கரைந்தது. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சரி, அப்படியானால் இறங்கும்போது வழியெல்லாம் என்னை எதற்கு அப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள் என்றேன்.

"மொறைச்சனா?" மாமாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எனக்குத்தான் ஒண்ணும் கேக்காதே. உனக்கு ஏதாச்சும் கேட்டா மொகத்துல தெரியுமில்ல, அதைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். மொகம் தெளிச்சியா இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டுக்கூட வந்த. செரி, வண்டி நல்லாத்தான் ஓடுதுன்னு இருந்தேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் குடிக்காமல் வைத்திருப்பதைப் பார்த்து, சர்க்கரை போதலையா என்று கேட்டார். எழுபதிலிருந்து முப்பத்தெட்டு வரை, கேட்ட சத்தம் எதுவும் வெளியே தெரியாதபடி நான் அந்த முகத்தை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். அந்த முகத்தை நம்பித்தான் பதினோரு பேரும் இறங்கிக்கொண்டிருந்தோம் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.